நோம்புப் பாத்தி

நிஃப்லா பல்கலைக்கழகத்தில் படிப்பது என்ன படிப்பு என்று ஆலங்குடாவில் யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. பூங்கனியியல் என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய உம்மா மஹ்மூதா அதைப் பூங்காவியல் என்றாள். பக்கத்து வளவு றஹ்மத் உம்மா, பூக்கட்டுகிற படிப்பா என்று விசாரித்தாள். கலியாண வீடுகளுக்குச் சோடிக்க நல்ல உதவி என்றும் சேர்த்துக்கொண்டாள். அப்படியில்லை, பூவும் பழமும் மரக்கறியும் சேர்ந்த விவசாயம் என்று நிஃப்லா விளக்கியபோது றஹ்மத் உம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப கொச்சிக்காத் தோட்டம்தானே மகள்? அதுக்கு ஏன் நாலு வருஷம்? உன்ட வாப்பாக்கிட்டக் கேட்டிருந்தா நாலு நாளையில பழக்கியிருப்பாரே."

வாப்பா இப்றாஹிம் இருபது வருடத்துக்கு மேலாக ஜபார் ஹாஜியாரின் மிளகாய்த் தோட்டத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு திரிகிறவர். அதனால் அந்தக் கதை சுட்டது. ஆனால் அவரே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, நாலு நாள் போதாது, ஒரு கிழமையாவது வேணும் என்றார்.

நிஃப்லாவுக்குத் தன் படிப்பில் குறையொன்றும் இல்லை. முதல் வருடம் ஆங்கிலத்தில் பாடம் விளங்காமல் விடுதிக் கட்டிலில் அழுதிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் சிங்களப் பிள்ளைகளும் விளங்காமல் அழுவதைக் கண்டபிறகு சேர்ந்து படித்தார்கள். மாமரத்தில் ஒட்டுக்கட்டப் பழகினாள். ஏழு ஒட்டு காய்ந்து எட்டாவது துளிர்த்த நாளில் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். மஹ்மூதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றாள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி மலைநாட்டில் வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிற பண்ணைக்குப் போகப்போகிறாள். இன்னொருவனை விதைக் கம்பனி இப்போதே கேட்டு வைத்திருந்தது. சிலர் விவசாயப் போதனாசிரியர் பரீட்சைக்குப் படித்தார்கள். நிஃப்லா மூன்றாம் வருடப் பயிற்சிக்கு ஆலங்குடாக் கடற்கரையிலேயே, காற்றுப் பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் விளையாட வருகிற வெள்ளைக்காரருக்கான ஹோட்டலில் இரண்டு மாதம் நின்றாள். மணலில் புல் வளர்த்துக் காட்டினாள். படிப்பு முடிந்ததும் வந்து தோட்டத்தைப் பொறுப்பெடுங்கள் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். மஹ்மூதாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்.

மிச்சம் இருந்தது கடைசி வருட ஆராய்ச்சி ஒன்றுதான். அவளுக்கு வழிகாட்டிய விரிவுரையாளர் எமிலியா மெடம் சிலாபத்துக்காரி. தமிழில் தொடங்கிச் சிங்களத்தில் முடிப்பவர். வேறு ஊர் மண்ணை ஏன் தேடுகிறாய், உன் ஊர் மணலில் செய் என்றார். ஆலங்குடாவைச் சுற்றிய கற்பிட்டிப் பக்கம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மூட்டை மூட்டையாக உரம் போடுகிறார்களே, அவ்வளவும் உண்மையில் செடிக்குத் தேவைதானா? அதுதான் கேள்வி. அதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். ஆலங்குடாவில் நிலம் என்றால் ஜபார் ஹாஜியார்.

ஜபார் ஹாஜியாரின் பேரை எடுக்கும்போதே மஹ்மூதா முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தில் மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம்களெல்லாம் விரட்டப்பட்டபோது, வள்ளத்தில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. கையில் ஓர் உடுப்புப் பை. வயிற்றில் ஏழு மாதம், அதுதான் நிஃப்லா. கொண்டுவந்த தண்ணீர் கடலிலேயே தீர்ந்துவிட்டது. கரையில் கையால் தோண்டிய ஊற்றெல்லாம் சவர். அப்போது ஹாஜியார் தன் வளவுப் படலையைத் திறந்துவிட்டு, "நல்ல தண்ணி இரிக்கி, வாங்க" என்றாராம். ஆட்கள் கூடக் கூட வேறு சில வளவுகள் பூட்டிக்கொண்டன. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கிணறு என்ன, கடலா? ஆனால் ஹாஜியாரின் படலை அகதி முகாமுக்குக் குழாய்க்கிணறு வரும்வரை பூட்டப்படவேயில்லை. யுத்தம் முடிந்தபின் எருக்கலம்பிட்டிக்குப் போய் இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தபோதும், அங்கே திரும்பிப் போகாததற்கு மஹ்மூதா சொன்ன காரணங்களில் அந்தக் கிணறும் ஒன்று.

இந்த ஊர்க்காரருக்குத் தண்ணீர் இரண்டு வகைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் களப்பு, நடுவே மணல். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்ப்பார்கள். கரித்தால் சவர்த் தண்ணி. கரிக்காவிட்டால் நல்ல தண்ணி. மூன்றாவது வகை என்று ஒன்று கிடையாது.

ஹாஜியார் நிலம் கேட்டவுடனே கொடுத்தார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே அந்தப் பெரிய கிணறு. அதற்குக் கிழக்காகப் பன்னிரண்டு மிளகாய்ப் பாத்தி. நிஃப்லா அளந்து கயிறு கட்டினாள். மூன்று பாத்திக்கு ஹாஜியார் வழமையாகப் போடுகிற உரம். மூன்றுக்கு விவசாயத் திணைக்களம் சொல்லும் அளவு. மூன்றுக்கு அதில் பாதி. கடைசி மூன்றுக்கு ஒன்றுமேயில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கிணற்றிலிருந்து ஒரே அளவு தண்ணீர். ஹாஜியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாகப் பார்வையிட்டு வந்து கடைசிப் பாத்தியில் நின்றார்.

"இதுக்கு ஒண்டும் இல்லியா புள்ள?"

"இல்ல ஹாஜியார். தண்ணி மட்டும்தான்."

"அப்ப இது நோம்புப் பாத்தி."

குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற லத்தீப், இப்றாஹிமோடு வேலை செய்கிறவர், தண்ணி குடிக்கிற நோம்பு எந்த ஊர் நோம்பு என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேர் நின்றுவிட்டது. நோம்புப் பாத்திக்கு எப்போது பெருநாள், நோம்புப் பாத்தி கோபித்துக்கொள்ளாதா என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். நிஃப்லா தன் குறிப்புப் புத்தகத்திலேயே அப்படி எழுதிவிட்டுப் பிறகு வெட்டினாள்.

ஆறு கிழமையில் நோம்புப் பாத்திகள் மஞ்சளடித்துச் சுருங்கியிருக்க வேண்டும். அடி இலைகள் வெளிறத் தொடங்கும் என்று புத்தகம் சொன்னது, மெடமும் சொன்னார். நிஃப்லா கிழமைக்கு ஒருமுறை வந்து உயரம் அளந்தாள், இலை எண்ணினாள், நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டும் ஒரே பச்சை. நோம்புப் பாத்தியில் பூவும் வந்துவிட்டது. நாலு வருடப் படிப்பின் கடைசிச் சோதனை இப்படிப் பல்லிளித்தால் பட்டத்தில் என்ன எழுதுவார்கள்?

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. அன்று மத்தியானம் இப்றாஹிம் சோற்றில் கை வைத்தபோதே கேட்டாள்.

"வாப்பா, உண்மையச் சொல்லுங்க. நோம்புப் பாத்திக்கு ஒளிச்சு உரம் போட்டீங்களா?"

இப்றாஹிம் பிசைந்த சோற்றைப் பீங்கானிலேயே விட்டார்.

"நினைச்சன்," என்றார். "ரெண்டு தரம் கையில அள்ளியும் பாத்தன். உன்ட பாத்தி வாடினா உன்ன பெயிலாக்கிப் போடுவாங்களோ எண்டு பயம். ஆனா போடல்ல. வல்லாஹி போடல்ல மகள்."

வாடினால்தான் பாஸ் என்று நிஃப்லா சொன்னதும் அவர் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். செடி வாட வேண்டும் என்று காசு செலவழித்துப் படிப்பிக்கிறார்களா என்று கேட்டார். மஹ்மூதா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டாள்.

வாப்பா சத்தியம் செய்தால் அது சத்தியம். நிஃப்லா எமிலியா மெடமுக்குத் தொலைபேசி எடுத்து, தன் சோதனை பிழைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். மெடம் ஏசவில்லை. செடி பசியோடு பச்சையாக இருக்காது, யாரோ தீன் கொடுக்கிறார்கள், யார் என்று கண்டுபிடி என்றார். உரப் பையைத் தவிர நீ அதற்கு வேறு என்ன கொடுக்கிறாய்?

"வேற ஒண்டுமில்ல மெடம். தண்ணி மட்டும்தான்."

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

"ஹரி," என்றார் மெடம், சரி என்பதற்குச் சிங்களத்தில். "ஒரு போத்தல் தண்ணி கொண்டு வா."

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மூன்று தரம் சோதித்தார்கள். மூன்று தரமும் ஏறக்குறைய ஒரே கணக்கு. குடிக்கிற தண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதில் நூற்றுப் பதினெட்டு. போகத்துக்குப் போகம் கொட்டிய உரத்தில் செடி தின்றது பாதி. மீதியை மணல் பிடித்து வைக்காது. தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றில் சேர்ந்துவிட்டது. அதே தண்ணீரைத்தான் நோம்புப் பாத்தி குடித்துச் செழித்திருந்தது. சோதனை பிழைக்கவில்லை என்று மெடம் சொன்னார். நீ தேடியதைவிடப் பெரிய விடை வந்திருக்கிறது என்றார். நிஃப்லாவால் அதில் சந்தோசப்பட முடியவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று மெடம் கேட்டார். இருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறதா? இல்லை. பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து, பால்மா கரைத்துக் கொடுத்தால் மூச்சுக் காற்று இரத்தத்தில் சேராமல் உதடு நீலம் பாரிக்கும் என்று மெடம் எச்சரித்தார். கொதிக்க வைத்தாலும் போகாது. கொதித்து வற்றினால் இன்னும் கூடும். வீட்டுக்காரரிடம் நீயே வாயால் சொல், கடிதம் அனுப்பினால் அது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும் என்றார்.

நிஃப்லா முதலில் உம்மாவிடம்தான் சொன்னாள். மஹ்மூதா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கிணத்தில?"

"ஹாஜியார்ட கிணத்தில."

"அந்தக் கிணத்தில குறை சொல்லிப்போட்டு நீ இந்த வீட்டுக்கு வராத."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதனால்தான் நிஃப்லா பயந்தாள். ஊரில் ஆளுக்காள் அகதி என்று ஒதுக்கிய காலத்தில் அந்த மனுசன் அகதி என்ற சொல்லை வாயிலெடுக்கவில்லை என்றாள் மஹ்மூதா. அவர் கொடுத்த தண்ணீரில் வளர்ந்தவள், அவர் கொடுத்த நிலத்தில் நின்று, அவருடைய கிணற்றை நஞ்சு என்று சொல்வதா? சோதனையை முடி, பட்டத்தை எடு, ஹோட்டல் வேலைக்குப் போ. கிணறு அவருடையது, குடிக்கிறதும் அவர்.

நிஃப்லா பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இல்லை என்பதுதான் அவளுடைய சாட்டு. காய் பறித்து நிறுத்து முடித்தபின் சொல்லலாம், ஆறுதலாகச் சொல்லலாம் என்று தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் ஹாஜியாரின் மகள் ஸஹ்றா, பிறந்து இருபத்திரண்டு நாளான பிள்ளையோடு புத்தளத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வாப்பா வீட்டுக்கு வந்து இறங்கினாள். நாற்பது நாள் கழியும்வரை இங்கேதான். அவள் வருகிறாள் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. மஹ்மூதா ஒரு சின்னத் துவாயும் சோப்பும் வாங்கிக்கொண்டு, பிள்ளை பார்க்க வா என்று மகளைக் கூப்பிட்டாள். கூப்பிடும்போதே அவளுடைய கண் மகளின் முகத்தில் படாமல் வேறெங்கோ பார்த்தது.

ஹாஜியார் முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். பேரன் வந்த சந்தோசத்தில் வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுக்கச் சொன்னார். பெண்கள் உள்ளே போனார்கள். ஸஹ்றா சத்திரசிகிச்சையில் பெற்றவள். பால் போதவில்லை, டொக்டர் பால்மா எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. ஹாஜியாரின் மனைவி கமறியா பால் கொடுக்கிற சூப்பியைக் கழுவி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள். மாப்பிள்ளை வீட்டில் குழாய்த் தண்ணீராம், மருந்து மணக்குமாம். இனிப் பிள்ளை நம் கிணற்றுத் தண்ணீரில் கொழுத்துவிடும் என்றாள்.

நிஃப்லாவின் கையை மஹ்மூதா இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"மாமி," என்றாள் நிஃப்லா. "அந்தத் தண்ணியில பால் கரைக்காதீங்க."

"ஏன் புள்ள, நல்லாக் கொதிக்க வச்ச தண்ணி."

"கொதிச்சாலும் சரிவராது மாமி. கிணத்துத் தண்ணி பிள்ளைக்குக் கூடாது."

விறாந்தையில் கதிரை அரைபட்டது. ஹாஜியார் வாசல் திரைக்கு அப்பால் வந்து நின்றார்.

"யாருட கிணத்துத் தண்ணி?"

நிஃப்லா வெளியே வந்து அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நோம்புப் பாத்தி வாடாமல் நின்றதிலிருந்து தொடங்கினாள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்லும்போது தடக்கியது. நைத்திரேற்று என்ற சொல்லை விட்டுவிட்டு உரத்தின் சத்து என்றே சொன்னாள். ஹாஜியார் இடையில் ஒரு முறைதான் பேசினார். ருசி மாறவில்லையே என்றார். அதற்கு ருசி இல்லை, மணமும் இல்லை, நிறமும் இல்லை என்றாள்.

அவர் படியிறங்கிக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கி, அள்ளி, கையில் ஏந்தி ஒரு மிடறு குடித்தார். வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இன்னொரு மிடறு குடித்தார். திரும்பி வந்தபோது தாடி நனைந்திருந்தது.

"உன்ட உம்மா இந்தக் கரைக்கு வந்த நேரம் நீ வகுத்துக்குள்ள இருந்த," என்றார். "அவக்கு நான் இந்தத் தண்ணியத்தான் குடுத்த. அப்ப உனக்கு நஞ்சா குடுத்த நான்? பதில் செல்லு."

உள்ளேயிருந்து மஹ்மூதா விம்மியது கேட்டது.

"இல்ல ஹாஜியார். அண்டைக்கு அது நல்ல தண்ணிதான். அந்தக் காலத்தில நீங்க இவ்வளவு உரம் போடல்ல, பக்கத்துத் தோட்டக்காரரும் போடல்ல. எங்கட உம்மா குடிச்சது நல்ல தண்ணி. அதனாலதான் நான் இருக்கன். இது பிறகு வந்தது."

ஹாஜியார் உள்ளே பார்த்து, அந்தச் சுடுதண்ணீரைக் கொட்டச் சொன்னார். மகன் ரிஃபாஸைக் கூப்பிட்டு, ஹோட்டல் பக்கத்துக் கடையில் வெள்ளைக்காரர் வாங்குகிற போத்தல் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். ரிஃபாஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. காசு கொடுத்துத் தண்ணீர் குடிக்கிற கூட்டம் என்று அந்த வெள்ளைக்காரரைப் பார்த்து அதிகம் சிரித்தவர் அவருடைய வாப்பாதான்.

"நீ வீட்ட போ புள்ள," என்றார் ஹாஜியார் நிஃப்லாவிடம்.

திரும்பும் வழியில் மஹ்மூதா நாலடி முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வராதே என்று சொன்னவள் கதவைச் சாத்தவில்லை, ஆனால் பேசவுமில்லை. சோறு போட்டு வைத்தாள், தேத்தண்ணி ஊற்றி வைத்தாள், பீங்கானைத் தள்ளும் சத்தத்திலேயே பேச்செல்லாம் முடிந்தது. இப்றாஹிம் வழமைபோல வேலைக்குப் போய் வந்தார். ஹாஜியார் என்ன சொன்னார் என்று ஒவ்வொரு நாளும் நிஃப்லா கேட்டாள். குழாயை இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் இழு என்றார், வேறு கதையில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி நிற்கிறார் என்று லத்தீப் சொன்னாராம்.

நிஃப்லா தோட்டப் பக்கம் போகவில்லை. பறிக்க வேண்டிய காய் பழுத்துக்கொண்டிருந்தது. பட்டம் கிடைக்குமா என்று யோசித்ததைவிட, உம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே நிழலைத் தானே வெட்டிவிட்டேனா என்றுதான் யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இப்றாஹிம் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, நேரே குசினி வாசலில் வந்து நின்றார். மஹ்மூதாவும் நிஃப்லாவும் இரண்டு மூலையில் இருந்தார்கள். இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். தொழுகை முடிந்து ஆட்கள் செருப்புத் தேடுகிற நேரத்தில் ஹாஜியார் பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டு எல்லாரையும் நிற்கச் சொன்னாராம். என்ன சொன்னார் என்று மஹ்மூதா கேட்டாள். ஐந்து நாளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இப்றாஹிம் ஹாஜியாரைப் போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினார். "'என்ட கிணத்துத் தண்ணி சின்னப் புள்ளைக்கு ஆகாது. என்ட பேரனுக்கே குடுக்கல்ல. சோதிச்சது நம்மட இப்றாஹிம்ட மகள். என்ட கிணறு ஆகாதுண்டா உங்கட கிணறு மட்டும் மக்காவில இருக்கிற ஸம்ஸமா? எல்லாரும் போத்தல்ல அள்ளிக் குடுங்க, பாக்கட்டும்.' இப்பிடிச் சொன்னார்."

நம்மட இப்றாஹிம் என்றாரா என்று மஹ்மூதா கேட்டாள். ஓம் என்றார். அவள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவர் இன்னொரு தரம் கையைப் பின்னால் கட்டினார்.

ஞாயிறு காலை ஹாஜியார் தாமே வந்தார். இருபத்துநாலு வருடத்தில் அவர் இந்த வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தோளில் ஓர் உரப் பை; அதற்குள் பதினொரு போத்தல். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் வீட்டுக்காரர் பேர். மஹ்மூதா ஓடிப்போய்க் கதிரையை எடுத்து வந்து, துடைத்து, மறுபடியும் துடைத்தாள். அவர் உட்காரவில்லை. நிஃப்லா வரும்வரை நின்றார்.

"இந்தப் போகத்துக்கு எத்தின பை போடட்டும்? செல்லுங்க."

நிஃப்லா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாருடனோ பேசுகிறார் என்று.

"உங்களத்தான். செல்லுங்க."

"ஹாஜியார், என்னப் போய் நீங்க வாங்க எண்டு..."

"புள்ள பாக்க வந்தவளுக்கு நீ எண்டு செல்லலாம். நான் இண்டைக்கு வேலையா வந்திரிக்கன். வேலை தெரிஞ்ச ஆள மருவாதயாத்தான் கேக்கோணும்."

முதல் மாதம் ஒன்றுமே வேண்டாம், தண்ணீரே போடும். பிறகு வழமையில் பாதி போட்டுப் பார்ப்போம் என்றாள் நிஃப்லா. முழுத் தோட்டத்துக்கும் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றாள். பயமா என்று ஹாஜியார் கேட்டார். பயம்தான் என்று ஒப்புக்கொண்டாள். அவர் அதற்குத் தலையாட்டினார். பயப்படாமல் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டேன் என்றார். கிணறு எப்போது திரும்ப நல்லாகும் என்று பிறகு கேட்டார். வருடக்கணக்காகும், நாலைந்து நல்ல மழை வேண்டும், சுற்றியுள்ளவர்களும் உரத்தைக் குறைக்க வேண்டும் என்றாள். நான் இருப்பேனோ தெரியாது, பேரன் இருப்பான் என்றார் அவர். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை நிஃப்லா போத்தல்களோடு பஸ் ஏறினாள். எமிலியா மெடம் மேசையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, இவ்வளவையும் நாங்கள் கேட்டிருந்தால் ஒருவரும் தந்திருக்கமாட்டார்கள் என்றார். பதினொன்றில் ஏழு ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த ஏழு வீட்டில் இரண்டில் கைக்குழந்தை. அந்த இரண்டு வீட்டுக்கும் நிஃப்லா அன்றே தொலைபேசியில் சொன்னாள். அடுத்த கிழமை இன்னும் பத்தொன்பது போத்தல் வந்தது. ஹோட்டல் முகாமையாளரும் ஒன்று அனுப்பியிருந்தார். அவரிடம் போய், வேலை தர நினைத்ததற்கு நன்றி, ஆனால் பல்கலைக்கழகம் இந்தக் கரையோரக் கிணறுகளையும் தோட்டங்களையும் பார்க்க ஒரு வருடத்துக்கு ஆராய்ச்சி உதவியாளராக எடுக்கிறது, அதற்குத்தான் போகப்போகிறேன் என்று சொன்னாள். அவர் சிரித்து, புல்லுக்கு எவ்வளவு உரம் என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். றஹ்மத் உம்மா இப்போது அதைத் தண்ணிப் படிப்பு என்கிறாள். பிழையென்று யாரும் திருத்துவதில்லை.

ஆராய்ச்சி அறிக்கையை எழுதி முடித்தபின் முதல் பக்கத்தில் நன்றியுரை எழுத வேண்டியிருந்தது. நிஃப்லா மேசையில் இருந்து எழுதினாள். மஹ்மூதா கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஹாஜியாரின் பேர் அதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, முதலாவதாக என்று நிஃப்லா சொன்னாள்.

"என்னெண்டு எழுதின?"

"நிலமும் தண்ணியும் தந்தவர் எண்டு."

மஹ்மூதாவின் கை நின்றது. "தண்ணி எண்டு போட்டா, உள்ளுக்கு எழுதினதப் படிக்கிற ஆக்கள் என்ன நினைப்பாங்க?"

"அந்தத் தண்ணி இல்ல உம்மா. தொண்ணூறில தந்த தண்ணி. வருசம் போட்டுத்தான் எழுதியிருக்கன்."

மஹ்மூதா எழும்பி வந்து மகளின் தோளுக்கு மேலால் அந்த ஆங்கில எழுத்துக்களைப் பார்த்தாள். எது தண்ணி என்று கேட்டாள். நிஃப்லா விரலை வைத்துக் காட்டினாள். அவள் அந்த இடத்தைத் தன் விரலாலும் ஒரு தரம் தொட்டாள்.

"கமறியாட பேரையும் போடு," என்றாள். "தண்ணி இருக்கு வாங்க எண்டு சொன்னது அவர்தான். ஆனா அண்டைக்குக் கை தோல் உரியுமட்டும் கயிறு இழுத்தது அவ."